காரைப் போல் ஓட்டம், வண்டியைப் போல் சுமை: களக்காட்டுச் சாலைகளில் ஒரு சிறு பிக்கப்

களக்காட்டுப் பக்கம் வாழை வைத்திருப்பவர் ஒருவர் சரக்கு வண்டி வாங்கப் புறப்பட்டால், இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன்பாக, பின்பாடியின் தரை நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை ஒரு கயிற்றை வைத்தாவது அளந்து பார்த்துவிட வேண்டும். பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஏத்தன் (நேந்திரன்) வாழைத்தாரைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பளவு உயரத்தில் சாய்த்து வைப்பதற்கு ஓர் ஆள் போதும். அதே தாரைத் தலைக்கு மேல் தூக்கி, வண்டியில் நிற்கும் இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டுமானால் ஆளும் இருவர் வேண்டும், காயும் இரண்டு இடங்களில் உரசும். வெட்டும் அன்று பச்சையாகத் தெரியும் அந்த உரசல் மறுநாள் மண்டியில் கறுப்புத் தழும்பாகத் தெரியும்போது விலையைக் குறைத்துக் கேட்பார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாகச் சிறிய பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு வாழைத்தாரும் உரமூட்டையும் வீட்டுச் சாமானும் ஏற்றிவரும் எனக்கு, அந்த வண்டியின் அருமை முதன்முதலாகப் புரிந்தது இந்த உயரத்தில்தான்.

எங்கள் வாழைத்தோட்டம் களக்காட்டுக்கும் திருக்குறுங்குடிக்கும் இடையே மலையடிவாரத்தில் இருக்கிறது. இந்த வண்டி வருவதற்கு முன்பெல்லாம் தார் வெட்டும் நாளில் லோடு ஆட்டோவையோ குட்டி யானையையோ வாடகைக்குப் பிடிப்போம். சாதாரண நாட்களில் அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஓணத்துக்கு முந்தைய வாரம் ஏத்தன் காய்க்குக் கேரளத்தில் கிராக்கி ஏறும்போது, ஊரில் உள்ள எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் அரிவாள் விழும். அன்றைக்குக் காலை ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி பத்து மணிக்கு வரும். மண்டியில் ஏலம் முடிந்திருக்கும். அப்படி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இழந்த பிறகு, 2020ஆம் ஆண்டின் இறுதியில், காருக்கென்று உருவான பெட்ரோல் இன்ஜினின் வழியில் வந்த இன்ஜினைச் சுமக்கும், இருவர் மட்டும் அமரக்கூடிய ஒரு பழைய பிக்கப்பை வாங்கினேன். அதன் கம்பெனிப் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் ஏறக்குறைய இந்த வகை வண்டிகள் அனைத்துக்கும் பொருந்துபவை என்பதாலும், வாங்க நினைப்பவர் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் தம் வேலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று நான் கருதுவதாலும் அப்படிச் செய்கிறேன்.

வாழைத்தார் ஏற்றுவதைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வண்டியின் தரத்தை அளக்க அதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியாது. முதலில் பாடியின் இரும்புத் தகட்டின் மேல் நான்கு விரல் கனத்துக்கு வாழைச்சருகைப் பரப்ப வேண்டும். வெயிலில் காய்ந்த தகடு நேராகக் காயில் பட்டால் பட்ட இடம் வெந்துபோகும். பிறகு தண்டின் வெட்டுவாய் கேபினை நோக்கி இருக்கும்படி ஒவ்வொரு தாராகப் படுக்க வைத்து, இடையிடையே சருகைத் திணிக்க வேண்டும். வெட்டுவாயிலிருந்து வடியும் பால் தகட்டில் படிந்து கறுத்துவிட்டால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. என் வண்டியின் முன்தகடு முழுவதும் அந்தக் கறைதான். மூன்று பக்கக் கதவுகளும் கீழே மடங்கிவிடுவதால் தோட்டத்து வரப்பில் எந்தப் பக்கமாக நிறுத்தினாலும் ஏற்ற முடிகிறது, இது பெரிய வசதி. முப்பது தார்வரை வண்டி அசைவதே இல்லை. நாற்பதாவது தாரில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை வளைவு நீங்கி நேராகிறது. ஐம்பதாவது தார் ஏறும்போது பின்டயரின் பக்கவாட்டில் மெல்லிய வயிறு தள்ளுவதைப் பார்க்கலாம். ஏறத்தாழ 600 கிலோ ஆகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம், அத்துடன் நான் நிறுத்திக்கொள்வேன். காலை ஆறரை மணிக்கு ஒருவனாக ஏற்றத் தொடங்கினால் எட்டு மணிக்குள் தார்ப்பாய் கட்டிவிட முடிகிறது.

அடுத்தது ஓட்டம். தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு வர வாய்க்கால் கரையில் சிறிது தூரம் ஊர்ந்து வர வேண்டும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலுக்குள் இறங்கும் சரிவு. பெரிய பிக்கப் ஒன்று அந்தக் கரையில் நுழைந்தால் எதிரே வரும் மாட்டுக்குக்கூட வழி இருக்காது. என்னுடைய வண்டி நுழைந்தால் சைக்கிளில் வருபவர் காலை ஊன்றி ஒதுங்கி நிற்கும் அளவுக்கு இடம் மிஞ்சுகிறது. கிளச் காரின் கிளச்சைப் போலவே இலேசாக இருப்பதால், முதல் கியரில் ஐந்து நிமிடம் ஊர்ந்தாலும் முழங்கால் வலிப்பதில்லை. கியர் மாற்றும்போது தண்டைத் தேடித் துழாவ வேண்டியதில்லை. திருநெல்வேலி டவுனில் நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோகும் நாளில் இந்தச் சிறு உருவத்தின் பயன் இன்னும் தெளிவாகத் தெரியும்: பெரிய வண்டிகள் திரும்ப இடம் கிடைக்காமல் ஒலி எழுப்பிக்கொண்டு நிற்கும் இடத்தில், ஒரே வளைப்பில் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு, அதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். டீசல் இன்ஜினின் இழுவை குறைந்த சுற்றிலேயே கிடைத்துவிடும். பெட்ரோல் இன்ஜினை அதைவிடச் சற்று மேலே சுற்றவிட்டால்தான் பாரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் ஊறிய செம்மண்ணில், முழுப் பாரத்துடன், இரண்டாம் கியரில் சோம்பலாக ஏற முயன்றால் வண்டி திணறி நின்றுவிடும். முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை ஒரே சீராக அழுத்திப் பிடித்து ஏற வேண்டும். இதைப் பழக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பழகிய பிறகு, டீசல் வண்டியின் அதிர்வும் இரைச்சலும் இல்லாமல் நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலிக்குப் போய்வரும் சுகத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான்குவழிச் சாலையில் இந்த வண்டிக்கு உண்மையான சோதனை வைப்பது ஆடிக்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் அந்தக் காற்றை நம்பித்தான் பணகுடியிலும் காவல்கிணற்றிலும் இராதாபுரம் பக்கத்திலும் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைச் சொல்லிச் சிரிப்பவர்கள், ஆடி மாதத்தில் காலியான ஒரு சிறு பிக்கப்பில் தார்ப்பாய்க் கூண்டைக் கட்டிக்கொண்டு காவல்கிணற்றைத் தாண்டி நாகர்கோவில் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுக் காற்று பாயைத் தள்ளும்போது ஸ்டியரிங் கையில் நழுவுவதுபோல் இருக்கும். பாரம் இருந்தால் இந்த ஆட்டம் பெரிதும் குறைந்துவிடும்; காலியாக இருந்தால் பாயையும் கம்பிகளையும் கழற்றிப் பாடியில் படுக்க வைத்துவிட்டு, மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. உயரம் குறைந்த, காரின் உடலையே கொண்ட பிக்கப்பாக இருந்தால் இந்த அச்சம் இவ்வளவு இருக்காது என்று ஒவ்வொரு ஆடியிலும் எனக்குத் தோன்றும்.

காரின் உடலையே கொண்ட பிக்கப் என்று நான் சொல்வது கற்பனை அல்ல. உலகில் அது பிறந்து தொண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஜிப்ஸ்லாந்து என்ற வேளாண் பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்று கேட்டு 1932இல் ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியதாக அந்த வண்டியின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. ஜீலாங் நகரத்துத் தொழிற்சாலையில் லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர், காரின் முன்பாதியையும் சரக்கு வண்டியின் பின்பாதியையும் ஒரே உடலாக இணைத்து வரைந்தார்; 1934இல் அது விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 1957இல் ஃபோர்டு ராஞ்செரோவும், 1959இல் செவ்ரோலே எல் கமினோவும் அதே எண்ணத்தில் வந்தன. அந்தக் கடிதத்தில் உள்ள ஊரையும் சந்தையையும் மாற்றிவிட்டால் அது அப்படியே எங்கள் வீட்டுத் தேவை: வெள்ளிக்கிழமை மண்டிக்கு வாழைத்தார், ஞாயிற்றுக்கிழமை வள்ளியூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அரிசியும் தேங்காயும் எங்களோடு.

இத்தகைய வண்டியின் பாடி ஏன் தாழ்வாக இருக்கிறது என்பதற்கு அதன் அமைப்பே காரணம். லாரியிலும் பெரிய பிக்கப்பிலும் ஏணிபோன்ற ஒரு கனத்த இரும்புச் சட்டம் அடியில் ஓடும். கேபினும் பாடியும் அதன் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். சட்டத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு பாடியும் உயர்ந்தே தீர வேண்டும். காரில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. தகடுகளை மடித்து ஒட்டிய உடலே பாரத்தைத் தாங்குகிறது. அதிலும் முன்சக்கரங்களை இன்ஜின் சுழற்றும் வகையாக இருந்தால், பின்பக்கம் சுழலும் நீண்ட தண்டும் அதன் முடிவில் உள்ள பெரிய உருளையும் தேவைப்படாமல், பாடியின் தரையை இன்னும் இறக்கிவிடலாம். பிரேசிலில் 1998 முதல் விற்கப்படும் ஃபியட் ஸ்ட்ராடா இந்த அமைப்பைக் கொண்டது: முன்சக்கர இயக்கம், பின்பக்கம் பாரத்துக்கான பட்டை ஸ்பிரிங், 600 கிலோவுக்கு மேல் சுமை. 2021இல் அந்த நாட்டில் எல்லாக் கார்களையும் தாண்டி அதிகமாக விற்ற வண்டியும் அதுதான்; அடுத்து வந்த ஆண்டுகளிலும் அந்த இடத்தை விடவில்லை. பெரிய தோட்டங்களும் சிறிய கடைகளும் நிறைந்த ஒரு நாடு தன் தேவைக்கு ஏற்ற வண்டியைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டது என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இவ்வளவு பயனுள்ள வண்டி எல்லா நாட்டிலும் ஏன் நிலைக்கவில்லை என்று பார்த்தால், வரியும் சட்டமும் குறுக்கே வந்து நிற்பது தெரிகிறது. அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டதற்குப் பதிலடியாக, வெளிநாட்டிலிருந்து வரும் சிறு லாரிகளுக்கு அமெரிக்கா 1964இல் 25 சதவீத வரி விதித்தது. அந்த வரி இன்றுவரை இருக்கிறது. 1978இல் சுபாரு நிறுவனம் பிராட் என்ற சிறு பிக்கப்பை அங்கே விற்றபோது, அந்த வரிக்குத் தப்புவதற்காகவே பின்பாடியில் இரண்டு இருக்கைகளைப் பொருத்திப் பயணிகள் வண்டி என்று கணக்குக் காட்டியது. ஜப்பானில் இதற்கு நேர்மாறாக, சட்டமே சிறு வண்டியை வளர்த்தது. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இன்ஜின் 660 சி.சி., சுமை 350 கிலோ என்ற எல்லைக்குள் இருக்கும் குறுவண்டிகளுக்கு அங்கே வரிச் சலுகை உண்டு. அந்த நாட்டு நெல்வயல் வரப்புகளில் ஓடும் வெள்ளை நிறக் குட்டி லாரிகள் எல்லாம் அப்படி வந்தவை.

நம் நாட்டுக்கு வந்தால், காருக்கும் சரக்கு வண்டிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஊர்களில் அதற்குக் குட்டி யானை என்ற பெயர் தானாகவே அமைந்துவிட்டது. அந்த வண்டியின் 702 சி.சி. டீசல் இன்ஜின், இண்டிகா காரில் இருந்த நான்கு சிலிண்டர் இன்ஜினைப் பாதியாக்கி இரண்டு சிலிண்டராகச் செய்தது. மகிந்திரா 2011இல் கொண்டுவந்த ஜீனியோ பிக்கப், சைலோ என்ற குடும்ப வண்டியிலிருந்து பிறந்தது. மாருதி சுசுகியின் சூப்பர் கேரி 2016இல் முதலில் வந்தபோது, செலேரியோ காரில் இருந்த 793 சி.சி. இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினைக் கொண்டிருந்தது. 2023இல் புதுப்பிக்கப்பட்ட வண்டியில் அப்போதைய ஸ்விஃப்ட், வேகன்ஆர் கார்களில் ஓடிய 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் இருக்கிறது. அதன் பாடி 2,183 மில்லிமீட்டர் நீளமும் 1,488 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பெட்ரோல் வண்டியில் 740 கிலோவும் சி.என்.ஜி. வண்டியில் 625 கிலோவும் ஏற்றலாம். சி.என்.ஜி. மலிவு என்று அதன் பக்கம் போகிறவர் 115 கிலோவை, அதாவது எங்கள் கணக்கில் ஒன்பது ஏத்தன் தாரை, ஒவ்வொரு நடையிலும் இழக்கிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆக, நமக்குக் காரின் இன்ஜின் கிடைத்திருக்கிறது. காரின் உடல் கிடைக்கவில்லை. இந்த வேறுபாடு எங்கள் வீட்டில் அம்மா வண்டியில் ஏறும்போது கண்முன் தெரியும். நம் சிறு பிக்கப்புகளில் நீளத்தை மிச்சப்படுத்துவதற்காக இருக்கையை முன்சக்கரத்தின் மேலேயே அமைத்திருப்பதால், உள்ளே போக ஒரு காலைத் தூக்கி வைத்து, கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியைப் பற்றி, உடலை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய அம்மாவால் அது முடியவில்லை. ஒரு மர முக்காலியைப் பாடியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். திருக்குறுங்குடி நம்பி கோயிலுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அந்த முக்காலி இறங்கும், பிறகு அம்மா இறங்குவார்கள். முன்பக்கம் பானட்டும், அதற்குப் பின்னால் தாழ்வான கதவும் இருக்கிற காரின் உடல் இருந்திருந்தால் முக்காலிக்கு வேலையே இல்லை.

எங்கள் வண்டியை நான் ஓட்டும் அளவுக்கு என் மனைவியும் ஓட்டுகிறாள். காரில் ஓட்டிப் பழகி லைசென்ஸ் எடுத்தவள், முதல் நாள் இந்த வண்டியை ஏர்வாடிவரை ஓட்டிவிட்டு வந்து, “இதுக்குன்னு தனியாப் பழகவே வேண்டாம்லா” என்று சொன்னாள். ஒரு பிக்கப்புக்கு அதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. சட்டமும் அவளுக்குச் சாதகமாகவே இருக்கிறது. இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதி எழுதி வாங்காமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. பெர்மிட் விஷயத்திலும் அப்படியே. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டிலிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது, இந்தச் சிறு வண்டிகள் அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆனாலும் மஞ்சள் போர்டு மஞ்சள் போர்டுதான். காருக்கு 15 ஆண்டுகள் பதிவு கிடைத்துவிடுகிறது. சரக்கு வண்டியை எட்டு ஆண்டுகள்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். தன் தோட்டத்துக் காயைத் தானே கொண்டுபோகும் விவசாயிக்கும், நாள் முழுவதும் வாடகைக்கு ஓடும் வண்டிக்கும் ஒரே விதி என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டில் பிக்கப் வேண்டுமென்றால் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவைதான் இருக்கின்றன. அவை உறுதியான வண்டிகள். ஆனால் ஒரு சிறு பிக்கப்பின் விலையைப்போல் பல மடங்கு கொடுத்து வாங்கி எங்கள் வாய்க்கால் கரைக்குள் கொண்டுபோக முடியாது. நான்கு மீட்டருக்குள், பானட்டோடு, வெள்ளை போர்டில், 500 கிலோ ஏற்றக்கூடிய ஒரு வண்டியைச் செய்தால் களக்காடு, அம்பாசமுத்திரம், திசையன்விளை, பாவூர்சத்திரம் என்று இந்தப் பக்கத்து விவசாயிகள் வாங்குவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி குறைகள். இருவர் மட்டுமே அமரலாம் என்பது முதல் குறை. கூட வரும் கூலியாளைப் பாடியில் ஏற்றிக்கொள்வது நம் ஊர்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அது சட்டப்படி குற்றம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. நான் அவரைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு அந்தக் காசையும் வாடகைக் கணக்கில் எழுதிவிடுகிறேன். இரண்டாவது, காலியாகப் போகும்போது பின்பக்கம் துள்ளுவது. பாரத்துக்காக இறுக்கமாகச் செய்யப்பட்ட பட்டைக்குப் பாரம் இல்லாவிட்டால் வளையத் தெரியாது. வேகத்தடையில் பின்சக்கரம் தூக்கிப் போடும். பாடியின் நடுவில், பின்அச்சுக்குச் சற்று முன்னால், இரண்டு யூரியா மூட்டைகளில் மணலை நிரப்பி வைத்தால் இந்தத் துள்ளல் பாதியாகக் குறையும். மூன்றாவது, சித்திரை, வைகாசியில் கேபினுக்குள் ஏறும் சூடு. இருக்கைக்கு அடியிலோ அருகிலோ இன்ஜின் இருக்கும் வண்டியில் இதைத் தவிர்க்க முடியாது. இருக்கையின் மேல் பத்தமடைப் பாயை வெட்டி விரித்திருக்கிறேன், முதுகு வேர்ப்பது குறைந்திருக்கிறது.

இரண்டு இழப்புகள் என் அனுபவத்தில் நேர்ந்தவை. வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் தார்ப்பாய்க்கு நிரந்தரக் கூண்டு கட்டச் சொன்னேன். வெல்டிங் வைத்த இடங்களில் பிரைமர் அடிக்காமல் நேராகப் பெயிண்டைப் பூசிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஐப்பசியில் நான்கு மூலையிலும் துரு கிளம்பி, பாடியின் தகட்டையும் சேர்த்து அரித்தது. அந்தக் கூண்டை அறுத்து எறிந்துவிட்டு, செருகி எடுக்கும் வளைவுக் கம்பிகளை வாங்கிப் பொருத்தினேன். செலவு கூண்டில் கால்வாசிகூட ஆகவில்லை. கூண்டு கட்டக் கொடுப்பவர்கள் பெயிண்ட் அடிப்பதற்கு முன் பட்டறைக்குப் போய் ஒவ்வொரு வெல்டிங்கையும் கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, உறவினர் ஒருவர் வீடு கட்டும்போது வண்டியை இரவல் வாங்கி, 22 மூட்டை சிமெண்டை ஒரே நடையில் ஏற்றிவிட்டார். மூட்டைக்கு 50 கிலோ என்றால் 1,100 கிலோ. வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் திரும்பி வரும்போது பின்பட்டையில் ஒன்று முறிந்திருந்தது. ஊர் மெக்கானிக் அதைக் கழற்றிக் கையில் கொடுத்து, “அண்ணாச்சி, இன்ஜின் இழுத்துரும், பட்டை தாங்காதுல்லா” என்றார். காரின் இன்ஜின் சத்தமில்லாமல் இழுத்துவிடுவதாலேயே, எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்பது ஓட்டுபவருக்கு உறைப்பதில்லை. பட்டையும் டயரும் காட்டும் அடையாளத்தைப் பார்க்கத் தெரியாதவரிடம் வண்டியை இரவல் கொடுக்கக் கூடாது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் தாமிரபரணிக் கரை முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியபோது, தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகு ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் உள்ள உறவினர்களுக்குக் குடிநீர்க் கேன்களும் பாயும் பழமும் ஏற்றிக்கொண்டு போனேன். சக்கரத்தின் பாதிவரை தண்ணீர் நின்ற ஓர் இடத்தில் வண்டியை இறக்கத் துணியவில்லை. பாடியும் இன்ஜினும் தாழ்வாக இருப்பதன் மறுபக்கம் அது. அங்கிருந்து டிராக்டரில் மாற்றி அனுப்பினோம். ஏற்றுவதற்குக் கை கொடுக்கும் தாழ்வு தண்ணீரில் கை கொடுக்காது, அதை ஒப்புக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

செலவுக் கணக்கு சுருக்கமானது. காலியாகப் போனால் லிட்டருக்கு 17 கிலோமீட்டரும், முழுப் பாரத்தில் 13 கிலோமீட்டரும் எனக்குக் கிடைக்கின்றன. டயர் ஒரு முறையும் கிளச் பிளேட் ஒரு முறையும் மாற்றியிருக்கிறேன். உதிரிப் பாகங்களில் பல காருக்கும் பொருந்துபவையாக இருப்பதால் வள்ளியூரிலேயே கிடைத்துவிடுகின்றன. ஒரு ஃபில்டருக்காகத் திருநெல்வேலிவரை போக நேர்ந்ததில்லை. புதிய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பது. நாள்தோறும் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுகிறவர்களும், செங்கல், மணல், ஜல்லி ஏற்றுகிறவர்களும் இந்த வகைப் பக்கம் வர வேண்டாம். அவர்களுக்கு அடியில் இரும்புச் சட்டம் வைத்த பெரிய பிக்கப்தான் சரி. ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட வாழை, கத்தரி, முருங்கை விவசாயிகளும், பாத்திர வாடகைக் கடை, மளிகைக் கடை, நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர்களும் தயங்காமல் வாங்கலாம்.

பழைய வண்டியாக வாங்குபவர்கள் பெயிண்டின் பளபளப்பைப் பார்க்காமல், ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பின்பட்டையைத் தாங்கும் கொக்கிகளைச் சுற்றித் துரு இருக்கிறதா, பட்டைகளில் ஒன்று மட்டும் புதிதாகப் பளிச்சென்று இருக்கிறதா என்று கவனியுங்கள். புதிதாக இருந்தால் பழையது எதனால் முறிந்தது என்று கேளுங்கள். பாடியின் தகட்டைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டினால் துருப்பிடித்த இடம் மந்தமாக ஒலிக்கும். எஃப்.சி. எப்போது முடிகிறது என்பதை ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து மூட்டை சிமெண்டையோ அரிசியையோ ஏற்றச் சொல்லி, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.